கண்ணுசாமியின் சிவப்பு ஊசி

கண்ணுசாமி ‘ரைட்’ சொல்லாமல் நான் வண்டியை எடுத்ததில்லை. சமஸ்தானம் முடிந்து நாங்களெல்லாம் திருச்சி ஜில்லாக்காரர்கள் ஆன வருஷம், நாற்பத்தெட்டு. ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டைக்கு ஓடிய தனியார் பஸ் ஒன்றில் நான் டிரைவராகவும் அவன் கண்டக்டராகவும் ஒரே வாரத்தில் சேர்ந்தோம். முதலாளி எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே முற்றத்தைப் பார்த்த இரண்டு ஓட்டு வீடுகளைக் காட்டினார். கிணறு ஒன்று, துவைக்கிற கல் ஒன்று, அடுப்பு மட்டும் இரண்டு. அவன் என்னை மச்சான் என்றான், நான் அவனை மாப்ளே என்றேன். ரத்த சொந்தம் ஒன்றும் கிடையாது. கூப்பிட்டுக் கூப்பிட்டே சொந்தமாகிவிட்டோம்.

ஆள் ஒல்லி, நல்ல உயரம். காக்கிச் சட்டையை மடிப்புக் கலையாமல் போடுவான், ஆனால் செருப்புப் போடமாட்டான். சித்திரை வெயிலிலும் பின் படிக்கட்டுத் தகரத்தில் வெறுங்காலோடு நிற்பான். “கால் வெந்து போகாதாடா?” என்று கேட்டால், “வண்டி பேசுறது காலுக்குத்தான் கேக்கும் மச்சான். ஒனக்கு முன்னாடி ஹாரன் சத்தம் மட்டுந்தான் கேக்கும்” என்பான். திமிர்தான். ஆனால் ஒருநாள் திருவரங்குளம் தாண்டியதும் விசில் ஊதி வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்தில் என்னவோ ஆடுகிறது என்றான். எனக்குக் கோபம். இறங்கிப் பார்த்தால் இரண்டு நட்டு கழன்று போயிருந்தது. அன்றைக்கு நாற்பது பேர் உயிர் அவன் உள்ளங்காலில் இருந்தது.

வாய் சும்மா இருக்காது. கோழியோடு ஏறுகிற கிழவியிடம், “கோழிக்கு டிக்கெட் வேணாம் ஆத்தா, வழியில முட்டை போட்டா அது கம்பெனிக்கு” என்பான். வம்பன் நால்ரோட்டில் யாராவது மெதுவாக ஏறினால், “வாங்க வாங்க, பொண்ணு பாக்க வந்த மாதிரி நிக்கிறீங்களே” என்பான். வண்டியில் ஏறும்போது அழுத முகத்தோடு ஏறியவர்கள் இறங்கும்போது சிரித்துக்கொண்டு இறங்கியதை நான் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அவன் மனைவி மருதாயி நேர்மாறு. நாலு கேள்விக்கு ஒரு பதில் சொல்லுவாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. என் மூத்தவள் அழகி பிறந்தபிறகு எங்கள் வீட்டில் அவளைத் தேட வேண்டியதே இல்லை, அங்கிட்டுத்தான் கிடப்பாள். அவன் வீட்டில் கழற்றி வைக்கிற விசிலை அவள் எடுத்து ஊதுவாள்.

ஐம்பத்தாறில் அவனுக்கு வயிற்று வலி வந்தது. தின்றதெல்லாம் வாந்தி. மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்தார்கள், வயிற்றில் புற்று என்றார்கள். அந்தச் சொல்லை எங்கள் முற்றத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்லமாட்டோம். ‘அந்த நோவு’ என்போம். டாக்டர் அவன் இரைப்பையையே முழுசாக எடுத்துவிட்டார். நாற்பது நாள் கழித்து எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தான். ஊரே வந்து பார்த்தது. “வயிறு இல்லாம சோறு எங்கிட்டுப் போகும்?” என்று ஒருவர் கேட்டார். “இனிமே எக்ஸ்பிரஸ் சர்வீசு. நடுவுல ஸ்டாப்பிங் கெடையாது” என்றான் கண்ணுசாமி. நாங்கள் சிரித்தோம். மருதாயி உள்ளே போய் அழுதாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத் தேறினான். ஒரு நாளைக்கு ஆறு வேளை, வேளைக்கு ஒரு கை அளவு சோறு. ஐந்தாவது மாசம் வேலைக்கு வந்துவிட்டான். மதுரை டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டில் மாசம் ஒரு ஊசி என்று இருந்தது. எங்கள் ஊர் கம்பவுண்டர் முத்துராமன் மாசாமாசம் முதல் வெள்ளிக்கிழமை முற்றத்துக்கு வந்து போட்டுவிட்டுப் போவார். மருந்து சிவப்பாக இருக்கும். “எனக்குச் செம்பருத்திச் சாறு ஏத்துறாங்க” என்பான் கண்ணுசாமி. சீட்டு இங்கிலீஷில் இருந்தது. அதில் இன்னொரு வார்த்தையும் இருந்தது. அதை யாரும் எங்களுக்குப் படித்துச் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஐம்பத்தேழு பங்குனியில் என் அழகிக்கு அம்மை போட்டது. ஆறு வயசுப் பிள்ளை. உடம்பெல்லாம் முத்து, கண் திறக்கவில்லை. அம்மை குத்துகிறவர் முந்தின வருஷம் தெருவுக்கு வந்தபோது பிள்ளையை நெல் குலுக்கைக்குப் பின்னால் ஒளித்து வைத்த புத்திசாலிகள் நாங்கள். வாசலில் வேப்பிலை கட்டினோம். இரண்டு வீட்டிலும் தாளிப்பது நின்றது, கறிமீன் நின்றது. ஆத்தா வந்திருக்கிற இடத்தில் ஊசி கூடாது. ஊசி ஏறினால் ஆத்தாவுக்குக் கோபம் வரும், முத்து உள்ளுக்குள் இறங்கிவிடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. ஒரே முற்றம், ஒரே கிணறு. அந்த வீட்டு ஊசி இந்த வீட்டு ஊசி என்று ஆத்தா பிரித்தா பார்ப்பாள்?

வெள்ளிக்கிழமை வந்தது. என் மனைவி செவந்தி என் காலைப் பிடிக்காத குறையாகச் சொன்னாள். நான் கிணற்றடிக்குப் போய் அவனிடம் சொன்னேன். சொன்னது நான்தான். இதை எழுதுகிற கை அதை மறைக்கக்கூடாது.

“மாப்ளே, இந்த மாசம் ஊசி வேணாம்டா.”

அவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். “இதுக்கா இப்படி மூஞ்சிய வச்சுக்கிட்டு நிக்கிற? அழகிக்கு ஆகாதுன்னா அந்த ஊசி எனக்கு எதுக்கு?”

அழகி பிழைத்தாள். தலைக்குத் தண்ணீர் ஊற்றினோம். அடுத்த மாசம் ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தார்கள், அதனால் வேண்டாம் என்றோம். மூன்றாவது மாசம் முத்துராமன் வந்து நின்றார். “ரெண்டு மாசமாப் போடலை, ஒண்ணும் ஆகலையே. நல்லாத்தானே இருக்கேன்” என்றான் கண்ணுசாமி. உண்மையிலேயே நன்றாக இருந்தான். அப்போது நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? “டாக்டருங்க அப்படித்தான் எழுதுவாங்க. மாசாமாசம் கிரீஸ் அடின்னு கம்பெனிக்காரனுந்தான் எழுதியிருக்கான். நாம அடிக்கிறோமா? வண்டி ஓடலை?” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். முத்துராமனும் சிரித்துவிட்டுப் பையை மூடினார். அதோடு ஊசி நின்றது.

இரண்டு வருஷம் ஒன்றும் தெரியவில்லை. வண்டி ஓடியது.

ஐம்பத்தொன்பதில்தான் ஆரம்பித்தது. முதலில் பேச்சு குறைந்தது. கைக்குறிச்சியில் நிற்கும்போது ஊர்ப் பேரை மட்டும் சொல்வான், பின்னால் ஒட்டிக்கொண்டு வருகிற கேலி வராது. பிறகு ஊர்ப் பேரே தப்பாக வந்தது. ஒருவருக்கே இரண்டு டிக்கெட் கிழித்தான், இன்னொருவருக்குக் கிழிக்க மறந்தான். நாக்கு எரிகிறது என்று எதையும் தின்னமாட்டேன் என்றான். ஒருநாள் வண்டியை நிறுத்திவிட்டுப் பின்னால் போனால், டிக்கெட் பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி சீட்டில் அழுதுகொண்டிருக்கிறான். “என்னடா?” என்றேன். “தெரியலை மச்சான். அழுகை வருது” என்றான். முதலாளி லீவு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தான். உட்கார்ந்தான் என்றால் மாசக்கணக்காக உட்கார்ந்தான். முகம் வெளிறி மெழுகு மாதிரி ஆகிவிட்டது. சொந்தக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ‘அந்த நோவு’ திரும்பிவிட்டது என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். திரும்பி வந்தது தெரிந்ததால்தான் அவன் மனசு ஒடிந்துவிட்டது, அதில் என்ன ஆச்சரியம், யாராக இருந்தாலும் ஒடியத்தான் செய்யும் என்றார்கள். மருதாயியிடம், “ஆஸ்பத்திரி அது இதுன்னு அலைக்கழிக்காதே ஆத்தா, இருக்கிற நாளாவது நிம்மதியா இருக்கட்டும்” என்றார்கள். எனக்கும் அது சரி என்றுதான் பட்டது.

அந்த நாட்களில் நான் வேறொரு கண்டக்டரோடு ஓட்டினேன். நல்ல பையன்தான், குறை சொல்லக்கூடாது. ‘ரைட்’ சரியான நேரத்துக்குச் சொல்வான். ஆனால் ஒவ்வொரு ‘ரைட்’டுக்கும் என் கால் கிளட்சில் ஒரு நொடி நிற்கும். வேறு குரலுக்காகக் காத்திருக்கும். அவன் செத்தா போய்விட்டான்? பத்தடி தூரத்தில், எங்கள் முற்றத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தான். அங்கே இருக்கிற ஒருவனுக்காக இப்படி ஏங்குவதற்கு என்ன பேர் என்று எனக்குத் தெரியவில்லை. செத்தவனுக்காவது அழுது தீர்க்கலாம்.

மருதாயி ஒருநாள் கிணற்றடியில் செவந்தியிடம் சொன்னதை நான் கேட்டேன். அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. “சோத்தை வச்சாத் திங்கிறாரு, எடுத்தா விட்டுர்றாரு. உப்பே போடாம வச்சுப் பாத்தேன், செவந்தி. ஒரு வார்த்தை திட்டுவாருன்னுதான். ஒண்ணும் சொல்லலை. என்னையத் திட்டுன வாய்க்கு நான் ஏங்கிக் கெடக்கேன்.”

அறுபது தை மாசம் ஒரு மத்தியானம், வண்டி ஆலங்குடி ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. எஞ்சினை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தால் பின் படிக்கட்டில் கண்ணுசாமி நிற்கிறான். எப்படி அவ்வளவு தூரம் நடந்து வந்தான் என்று தெரியவில்லை. கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, குனிந்து தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மச்சான், வண்டி ஸ்டார்ட்ல இருக்கா?”

“இருக்கேடா. காது கேக்கலை?”

“காதுக்குக் கேக்குது. காலுக்குத் தெரியலை. பஞ்சு மேல நிக்கிற மாதிரி இருக்கு.” சொல்லிவிட்டு அழுதான்.

எனக்கு அப்போதுதான் ஒரு பொறி தட்டியது. நான் படித்தவன் இல்லை. ஆனால் எஞ்சினில் கோளாறு என்றால் பிரேக் ஏன் பிடிக்காமல் போக வேண்டும்? வயிற்றில் நோவு என்றால் கால் ஏன் மரத்துப் போகிறது? இரண்டும் வேறு வேறு ரிப்பேர். எல்லாவற்றையும் ஒரே நோவின் தலையில் கட்டிவிட்டு நாங்கள் சாவுக்குப் பாய் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். எனக்கு என் மேலேயே கோபம் கோபமாக வந்தது. மறுநாள் மருதாயியையும் அவனையும் வண்டியில் ஏற்றிப் புதுக்கோட்டைக்குக் கொண்டுபோனேன். மருதாயி பெட்டியிலிருந்த மதுரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டாள்.

புதுக்கோட்டையில் ஒரு டாக்டரம்மா இருந்தார். கண்டிப்பான ஆள். கண்ணுசாமியின் நாக்கை நீட்டச் சொன்னார். கழுவிவிட்ட சிமெண்ட் தரை மாதிரி வழவழவென்று சிவந்திருந்தது. கவட்டை மாதிரி ஒரு இரும்பைத் தட்டி அவன் கணுக்காலில் வைத்து, “அதிருதா?” என்று கேட்டார். “இல்லைங்க” என்றான். முழங்காலில் வைத்தார். “லேசா.” கண்ணை மூடிக்கொண்டு நிற்கச் சொன்னார். அவன் சாய்ந்து என் மேல் விழுந்தான். ரத்தம் எடுத்துப் பார்த்தார். கடைசியில் சீட்டை விரித்துப் படித்தார். படித்ததும் முகம் மாறிவிட்டது.

“மாசம் ஒரு ஊசி, ஆயுசு பூராவும்னு எழுதியிருக்கு. போடுறீங்களா?”

ஆயுசு பூராவும். அதுதான் நாங்கள் படிக்காத அந்த வார்த்தை.

டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். இரைப்பை இல்லாதவர்களுக்கு ஒரு வைட்டமின் சாப்பாட்டிலிருந்து உடம்பில் ஒட்டாது. ஆட்டு ஈரலாகத் தின்றாலும் ஒட்டாது, ஊசியாகத்தான் ஏற்ற வேண்டும். உடம்பு பழைய இருப்பை வைத்து இரண்டு மூன்று வருஷம் ஓட்டிவிடும், அதனால் நிறுத்தியது உடனே தெரியாது. இருப்பு தீர்ந்தால் ரத்தம் குறையும், நரம்பு கெடும், மனசும் இருண்டுபோகும். “அந்த நோய் வந்தவங்க சோர்ந்து உக்காந்தா, நோயை நெனச்சுத்தான்னு எல்லாரும் விட்டுர்றீங்க. எதனாலன்னு பாக்க வேணாமா? எல்லாருக்கும் ஊசியில மனசு தெளியாது. இவருக்குத் தெளியும்னு நெனைக்கிறேன். இப்போதைக்குப் புத்து திரும்புன அடையாளம் எதுவும் எனக்குத் தெரியலை” என்றார்.

பிறகு மருதாயி பக்கம் திரும்பினார். “ஊசிய ஏன்மா நிறுத்துனீங்க? யாரு நிறுத்தச் சொன்னது?”

மருதாயி என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான். அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, “மறந்துட்டோம்மா” என்றாள்.

டாக்டரம்மா அவளைத் திட்டினார். புருஷன் உயிர் உனக்கு மறந்து போகிற சாமானா என்று கேட்டார். அவள் வாங்கிக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் மரம் மாதிரி நின்றேன். வாயைத் திறந்து நான்தான் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? சொல்லவில்லை. திரும்பி வரும்போது வண்டியை நான்தான் ஓட்டினேன். கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்கவே இல்லை.

முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஊசி. முத்துராமன் தவறாமல் வந்தார். ஒன்பதாம் நாள் காலையில் நான் பல் விளக்கிக்கொண்டிருந்தேன். அந்த வீட்டிலிருந்து ஒரு சத்தம். “இந்தச் சொவத்துல யாருடி மண்ணு பூசுனது? அஞ்சு வெரலும் அப்படியே தெரியுது! எருமை மாடு பூசுனாக்கூட இதைவிட நல்லாருக்கும்!”

மாசக்கணக்காக அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தவன் அன்றைக்குத்தான் சுவரைப் பார்த்திருக்கிறான். பூசியது மருதாயிதான். அவள் ஓடி வந்து முற்றத்தின் நடுவில் நின்று, “திட்டுறாரு, அண்ணே, திட்டுறாரு” என்று என்னிடம் சொன்னாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. நான் பல்பொடி வாயோடு நின்றேன்.

ஆள் திரும்பி வந்துவிட்டான். கேலி வந்தது, பசி வந்தது, கணக்காக டிக்கெட் கிழிக்கிற புத்தி வந்தது. கால் மட்டும் முழுசாக வரவில்லை. ரொம்ப நாள் விட்டுவிட்டீர்கள், நரம்பு இவ்வளவுதான் திரும்பும் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். கம்பு ஊன்றி நடந்தான். ஓடுகிற வண்டியின் படிக்கட்டில் இனி அவனை யார் நிற்க விடுவார்கள்? முதலாளி அவனை ஸ்டாண்டில் ஆள் கூப்பிடவும் நேரம் பார்க்கவும் வைத்துக்கொண்டார். ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டு அவன் கூப்பிடுகிற கூப்பாட்டில் எதிர் வண்டிக்குப் போகிறவனும் எங்கள் வண்டியில் ஏறினான்.

ஆனால் நான் பார்த்திருக்கிறேன். வண்டி கிளம்பும்போது அவன் கண் பின் படிக்கட்டையே பார்க்கும். வண்டி திரும்பி மறைகிற வரைக்கும் பார்க்கும். லீவு நாளில் சில சமயம் முன் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து புதுக்கோட்டை வரை வருவான். எஞ்சின் மூடிமேல் உள்ளங்கையை வைத்துக்கொள்வான். “கைக்குத் தெரியுது மச்சான். அது போதும்” என்பான். போதாது என்று எனக்குத் தெரியும். அவனுக்கும் தெரியும். அந்தக் காலை வாங்கியது என் வாய். அதை அவனிடம் சொல்ல ஒவ்வொரு நாளும் நினைத்தேன், ஒவ்வொரு நாளும் கியரை மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்தேன்.

அறுபத்திரண்டு தையில் நிஜமாகவே புற்று திரும்பியது. இந்தத் தடவை ஈரலில். மஞ்சள் பூத்துவிட்டது. இனி அறுக்க முடியாது என்றார் டாக்டரம்மா. படுத்துவிட்டான். மருதாயி, “இனிமே எதுக்கு அந்த ஊசி? குத்திக் குத்தி ஒடம்புல எடமே இல்லையே” என்றாள். அவன் எழுந்து உட்கார்ந்துவிட்டான்.

“எதை வேணா நிறுத்து. அந்தச் செவப்பு ஊசிய மட்டும் நிறுத்துனீங்க, கொன்னுருவேன். சாகுறப்ப நான் இருக்கணும். சொவத்தப் பாத்து ஒக்காந்திருந்தேனே, அந்த வருசம் மாதிரி ஆளில்லாத வீட்டுல சாவு வந்து கதவத் தட்டக் கூடாது.”

பங்குனி வந்தது. என் சின்ன மகளுக்கு நாலு வயசு, பேர் சின்னப்பிள்ளை. அவளுக்கு அம்மை போட்டது. எந்த ஆத்தாவின் கணக்கோ, அதே பங்குனி, அதே முற்றம். வாசலில் வேப்பிலை கட்டினோம். முதல் வெள்ளிக்கிழமை வந்தது.

கண்ணுசாமியே என்னைக் கூப்பிட்டான். குரல் இறங்கியிருந்தது. “மச்சான், இந்த மாசம் ஊசி வேணாம். பிள்ளைக்கு ஆத்தா எறங்கட்டும். அடுத்த மாசம் பாத்துக்கலாம்.”

அவனுக்கு அடுத்த மாசம் இல்லை. அது அவனுக்கும் தெரியும். என்னால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

“போன தடவை நிறுத்தச் சொன்னது நான்டா, மாப்ளே. கிரீஸ் அடிக்கிறதுன்னு கேலி பேசுனதும் நான்தான்.”

“தெரியும்.”

“யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? கெணத்தடியில நின்னு கேட்டவனே நான்தானே.” கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். “சொவத்தப் பாத்து ஒக்காந்திருந்தப்ப ஒருநாள் அது நெனப்புக்கு வந்துச்சு. ஒன் மேல கோவம் வந்துச்சு. ஆனா அந்தக் கோவத்தக்கூடப் புடிச்சு வச்சுக்கத் தெம்பில்லை, நழுவிப் போச்சு. ஊசி போட்டு ஒரு மாசம் கழிச்சு அதே கோவம் திரும்பி வந்துச்சு பாரு, ஒன்னைய நாலு அறை அறையணும்னு. அன்னைக்குத்தான் மச்சான் நான் பொழச்சுட்டேன்னு எனக்கே நம்பிக்கை வந்துச்சு.”

“அப்ப ஏன்டா அறையலை? ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா நீ அழுதுக்கிட்டே வண்டி ஓட்டுவ. நாப்பது பேரு இருக்காங்க வண்டியில.”

நான் எழுந்து நேரே முத்துராமன் வீட்டுக்குப் போனேன். அவர் பையோடு என் பின்னால் வந்தார், ஆனால் முற்றத்து வாசலில் வேப்பிலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். “நாகராசு, இதைத் தாண்டி ஊசியோட நான் வரமாட்டேம்ப்பா. எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு” என்றார். தெருவில் நாலு பேர் கூடிவிட்டார்கள். உனக்கென்ன பைத்தியமா, உள்ளே பிள்ளை கிடக்கிறதே என்றார்கள். நியாயமான கேள்வி. என் நெஞ்சுக்குள்ளும் அதே கேள்விதான் அடித்துக்கொண்டிருந்தது.

உள்ளேயிருந்து செவந்தி வந்தாள். ஈரத்துணியோடு, கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்போடு. ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஊசி வேண்டாம் என்று என்னிடம் கெஞ்சியவள் இதே செவந்திதான்.

“உள்ள வாங்கண்ணே” என்றாள் முத்துராமனிடம். “நான் ஆத்தாக்கிட்டச் சொல்லிட்டேன். மூத்த பிள்ளைய எனக்குக் குடுத்த, அதுக்கு அந்த மனுசன் தன் காலையே குடுத்தாரு, மறுபடியும் அவருகிட்டக் கேக்க எனக்கு மூஞ்சி இல்லைன்னு சொன்னேன். ஆத்தாவுக்குக் கோவம்னா என்னையக் கேக்கட்டும்.” செம்பிலிருந்த தண்ணீரை அவர் காலில் ஊற்றினாள். அதற்குமேல் அவர் நிற்கவில்லை, உள்ளே வந்தார்.

சின்னப்பிள்ளை பிழைத்தாள். கன்னத்தில் இரண்டு தழும்பு நின்றுவிட்டது. ஊசியால்தான் என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் எங்கள் தெருவில் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

சித்திரை பதினெட்டாம் நாள் மத்தியானம் நான் கிளம்புவதற்கு முன்னால் அவனைப் பார்க்கப் போனேன். மருதாயி கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். உடம்பு கட்டிலோடு ஒட்டியிருந்தது. ஆனால் கண் உயிரோடு இருந்தது. “உப்பு எங்கடி? உப்புச் சட்டிய ஒங்க அப்பன் வீட்டுக்கு அனுப்பிட்டியா?” என்றான். அவள் உப்பு எடுக்கப் போனாள்.

“எத்தனை மணி வண்டி?” என்று என்னிடம் கேட்டான்.

“ரெண்டேகால். போகலைடா இன்னைக்கு. வேற ஆளப் போடச் சொல்றேன்.”

“எதுக்கு? நான் படுத்திருக்கதப் பாத்துக்கிட்டு ஒக்காரவா? அங்கிட்டு சனம் வெயில்ல நிக்கும். கெளம்பு.” கையை நீட்டினான். அவன் உள்ளங்கையை என் கைமேல் வைத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தான், எஞ்சின் மூடிமேல் வைப்பதுபோல. பிறகு எடுத்துக்கொண்டான்.

“ரைட்” என்றான்.

போனேன். சாயங்காலம் ஐந்தரைக்கு வண்டியை ஸ்டாண்டில் விட்டுவிட்டு வந்தபோது முற்றம் நிறைய ஆள் இருந்தார்கள். மருதாயி அவன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்.

“கடைசி வரைக்கும் இருந்தாருண்ணே.”